பாலம் வரும், மிதிவண்டிக்கு வழி வருமா?

புதுதில்லி: மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில், தாபோலியிலிருந்து கணபதிபுலேவுக்குக் கடலோரமாக மிதிவண்டியில் செல்ல ஒரு பகல் வேண்டும். தொலைவு ஏறத்தாழ 100 கி.மீ. ஆயினும், சமதளம் அரிது. செம்புரைக்கல் மேட்டில் மூச்சிரைக்க ஏறி முடித்ததும், அடுத்த கழிமுகத்தை நோக்கிச் சாலை சரிகிறது.

தபோலில் வாசிஷ்டி ஆற்றையும், தவ்சாலில் சாஸ்திரி ஆற்றையும் கடக்க, வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகுகள் உண்டு. வழியில், 1990-களில் தேசிய அரசியலைக் கலக்கிய, என்ரான் நிறுவனம் தொடங்கிய மின்நிலையம். பெருந்திட்டங்கள் இக்கரைக்குப் புதியவை அல்ல.

இப்போது ரேவஸ்-ரெட்டி கடலோர நெடுஞ்சாலைத் திட்டத்தில் இவ்விரு ஆறுகளின் மீதும் பாலங்கள் இடம்பெற்றுள்ளன. படகு நின்றபின் நோயாளியைச் சுற்றுவழியில் கொண்டுசெல்லும் ஊர்களுக்கு அவை அவசியமே. ஆனால், பாலம் வந்தால் லாரிகளும் வரும்.

2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை மிதிவண்டிக்கு முன்னுரிமை கோரியது. அது நகரங்களுக்கு மட்டுமே. பள்ளி மாணவரும் தொலைதூரப் பயணியும் மிதிவண்டியில் செல்லும் கிராமச் சாலைக்கு அத்தகைய கொள்கை வேண்டாமா? பாலம் கட்டிய பிறகு தனிப்பாதை சேர்ப்பது கடினம். வரைபடத்திலேயே சேர்ப்பது எளிது.