எலி கடித்த கம்பி, ஊமையான சைரன்

கடலைக் காட்டில் பன்றி நுழைந்தால் விளக்கெரிந்து சைரன் அடிக்கிற பெட்டியை மாட்டியிருந்தோம். ஒரு ராத்திரி பன்றிக் கூட்டம் நாலு பாத்தியைக் கிளறிட்டுப் போயிருச்சு. சைரன் மூச்சே விடலை. காலையில் பார்த்தால், சென்சார் கம்பியை எலி கடித்திருந்தது.

தப்பு எலி மேல் இல்லை, நாங்கள் இணைத்த முறையில். நடமாட்ட சென்சாருக்குள் இருப்பது ஒரு சுவிட்ச்தான். 'என்.ஓ.' முறையில் அது திறந்தே இருக்கும், பன்றி வந்தால் மூடும். கம்பி அறுந்தால் பெட்டிக்குத் தெரியாது. 'என்.சி.' முறையில் மூடியே இருக்கும். பன்றி வந்தாலும் திறக்கும். கம்பி அறுந்தாலும் திறந்ததாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும். ரெண்டுக்கும் சைரன் அடிக்கும்.

ஆகவே சென்சாரில் என்.சி. முனைகளில் கம்பியை மாட்டி, பெட்டியிலும் அந்த இணைப்பை என்.சி. என்றே அமையுங்க. ஒருபக்கம் மட்டும் மாற்றினால் ஓயாமல் அலறும்.

அந்தி வெளிச்ச சென்சார், தான் ஏற்றும் விளக்கைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விடிஞ்சிருச்சுன்னு அணைத்து, மறுபடி ஏற்றி, ராத்திரி பூரா கண்சிமிட்டும்.

பன்றி சத்தத்துக்குப் பழகிடும். சைரனை அவ்வப்போது இடம் மாற்றுங்க. வாரம் ஒருமுறை சென்சார் பக்கம் ஒரு கம்பியைக் கழற்றிப் பாருங்க, சைரன் அடிக்கணும்.