100 முதல் 240 வரை

ஜப்பானின் கிழக்குப் பாதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60. 1890களில் தோக்கியோ ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனத்திடம் ஜெனரேட்டர் வாங்கியது. ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கியது. அந்தப் பிளவு இன்றுவரை ஒட்டவில்லை. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் நின்றபோது, மேற்கிலிருந்து சுமார் 1,000 மெகாவாட்டுக்கு மேல் மாற்றி அனுப்ப வழியில்லாமல் போனது.

மின்னழுத்தம் இரு பக்கமும் 100 வோல்ட்தான்; நம் வீடுகளில் 230. ஆனாலும் சென்னையில் வாங்கிய ஃபோன் சார்ஜர் இரண்டு ஊரிலும் ஒழுங்காக வேலை செய்கிறது. எப்படி?

இரும்பும் செம்புச் சுருளுமாகக் கனத்த பழைய சார்ஜரில், உள்ளே வருவது பாதியானால் வெளியே போவதும் பாதியாகும். இன்றைய சார்ஜர் வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றிவிடுகிறது. ஐம்பதா அறுபதா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்தது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. இத்தனை வேகத்தில் துடிக்கும் மின்சாரத்துக்கு விரல்நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். குழாயில் நீர் மெல்ல வந்தால் அதிக நேரம் திறந்து வைப்பதுபோல, 100 வோல்ட்டில் ஒவ்வொரு திறப்பும் நீள்கிறது, 230இல் சுருங்குகிறது. ஃபோனுக்குப் போவது மாறுவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் இது நடப்பது எனக்குத் தீராத வியப்பு.

இந்தத் திறமை இருக்கிறதா என்பதைச் சார்ஜரின் மேலுள்ள பொடி எழுத்தே சொல்லும்: ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’. அந்த வரி இல்லாத பொருளைச் செருகாதீர்கள். கடையில் விற்கும் அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஜப்பானில் ஆசையாய் வாங்கிய 100 வோல்ட் ரைஸ் குக்கரை இங்கே நேராகச் செருகினால், வெப்பம் ஐந்து மடங்குக்கும் மேல் ஏறிக் கருகிவிடும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பத் திறன் கூடும் என்பதுதான் கணக்கு. ஹேர் டிரையருக்கும் இதே கதி.

இன்னொன்று. சார்ஜருக்குள் முந்நூறு வோல்ட்டைத் தாண்டும் பகுதிக்கும் உங்கள் கையிலுள்ள ஃபோனுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வழியாகவே ஆற்றல் கடக்கிறது. நல்ல சார்ஜரில் இரு பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். போலிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாததைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே போன ஊரில் மலிவான, பெயரில்லாத சார்ஜர் வாங்க வேண்டாம். சொந்தச் சார்ஜரை எடுத்துச் சென்று, அந்த ஊர்ப் பின்னுக்கான தரமான அடாப்டரை மட்டும் வாங்குங்கள்.