நெறி கட்டுவது ஏன்? உடலுக்குள் நடக்கும் ஒரு தேடல்

காலில் முள் குத்திப் புண்ணானால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் தாடைக்குக் கீழே கட்டும். நெறியைத் தொட்டுப் பார்த்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள், "எங்கே புண்ணு?" என்று கேட்பார்கள். சரியான கேள்விதான்.

நெறி என்று நாம் சொல்வது வீங்கிய நிணநீர்க் கணு. கிருமி நுழைந்த இடத்தில் டென்ட்ரிடிக் செல்கள் அதன் துண்டுகளை விழுங்கிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள கணுவுக்குப் புறப்படுகின்றன. எதிர்ப்புச் செல்கள் அடையாளம் காணும் இந்தத் துண்டுதான் ஆன்டிஜென். (தோலில் இருக்கும் இத்தகைய செல்லை 1868-ல் முதலில் கண்டவர் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர். அவர் அதை நரம்புச் செல் என்றே நினைத்தார்.)

கணுவுக்குள் டி செல்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆன்டிஜெனை அடையாளம் காணக்கூடிய டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அந்த ஒன்று எப்படி வந்து சேருகிறது? அலைந்துதான். உயிருள்ள கணுவின் உள்ளே நடப்பதை 2002-ல் விஞ்ஞானிகள் சிறப்பு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டி செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் வேகத்தில், திசை மாறி மாறி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு தலைமுடியின் பருமனைக் கடக்கவே சில நிமிடங்கள் ஆகும் வேகம் அது. வழியில் டென்ட்ரிடிக் செல்கள் கைகளை நீட்டியபடி நிற்கின்றன. டி செல் தொட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் நகர்ந்துவிடும். ஏறக்குறைய ஒரு நாள் தேடிவிட்டு, ரத்தத்தில் கலந்து அடுத்த கணுவுக்குப் போகும்.

பொருந்திவிட்டால் அங்கேயே நின்று, பிறகு பலவாகப் பெருகும். கணுவிலிருந்து செல்கள் வெளியேறும் வழியும் சிறிது காலம் அடைபடுவதால் உள்ளே கூட்டம் சேரும். அந்தக் கூட்டம்தான் நெறி. சாதாரணமாக அது தானே வற்றிவிடும். கழுத்தில் கட்டியது சில வாரமாகியும் வற்றவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அது காசநோயாகவும் இருக்கலாம்.

தடுப்பூசி போட்டாலும் இதே தேடல்தான் நடக்கிறது. தேடிக் கண்டு, பெருகி, பி செல்கள் எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து முடிக்க நாட்கள் ஆகும். ஹஜ்ஜுக்குச் செல்வோர் மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசியைச் சவூதி போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான். நம்மில் சிலர் அதை வெறும் சான்றிதழ் வேலையாக நினைத்துக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். சான்றிதழ் அன்றே கைக்கு வந்துவிடும். உள்ளே டி செல்கள் அப்போதுதான் ஊர்ந்து தேடத் தொடங்கியிருக்கும்.