நோயாளிக்கு முன் கட்டிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தல்

வியாபாரப் பகுதியில் புற்றுநோயைப் பற்றி எழுதுவது ஏன் என்று வாசகர்கள் யோசிக்கலாம். காரணம் இரண்டு உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டப்புற மக்களை நம்பிக் கடை வைத்திருக்கும் நம்மில் அநேகரின் கடைகளில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் அரிசி, சீனிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அடுத்தது, அதே கடைக்கு வரும் கொளுந்து பறிக்கும் பெண்ணுக்கோ, இறப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கோ, நமது வீட்டுப் பெரியவர் ஒருவருக்கோ வாயில் புற்று என்று தெரிந்தால் மஹரகமவுக்குப் போய்வர உதவி கேட்டு வருவதும் நம்மிடம்தான். அப்படி வந்தவர்களில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்திட்டது. "கட்டியை வெளியில் வளர்த்து மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாமே, அது என்ன?" என்று அவர் கேட்டார்.

முதலில் நமது மாகாணத்தின் நிலைமையைப் பார்ப்போம். இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் முன்னணியில் இருப்பது வாய்ப்புற்று. சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதைத் தாண்டிய 1,029 பேரின் வாயைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2010 இல் வெளியானது. புற்றாக மாறக்கூடிய வெள்ளைப் படை, சிவப்புப் படை போன்ற மாற்றங்கள் மாகாணத்தில் 100 பேரில் சுமார் 11 பேருக்கு இருப்பதாக அது மதிப்பிட்டது. இப்பாதிப்பில் 84 வீதத்துக்குத் தினமும் வெற்றிலை போடும் பழக்கமே காரணம் என்றும் கணக்கிட்டது. புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று நினைப்போரும் உண்டு. ஆனால் உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைக் கூறும், ஏன் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன.

நோய் வந்தபின் வைத்தியர் எந்த மருந்தைத் தெரிவு செய்கிறார்? முன்பு பல நூறு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதிகமானோருக்குப் பலன் தந்த மருந்தையே அவர் முதலில் கொடுக்கிறார். ஆனால் ஒரே பெயருள்ள புற்று இருவருக்கு வந்தாலும் இரு கட்டிகளும் ஒன்றல்ல. ஒருவருக்குக் கேட்கும் மருந்து மற்றவருக்குக் கேட்காது. கேட்கவில்லை என்பது தெரியவரும்போது மாதங்கள் போய்விடும், முடி கொட்டி, உடல் மெலிந்து, கையிருப்பும் கரைந்திருக்கும். இரத்தினபுரியில் கெவுட கல்லைச் சூட்டில் போடுவோருக்கு இது விளங்கும். கல் நீலமாகவும் வரலாம், வெடித்தும் போகலாம். கல்லில் அப்படிப் பரீட்சை செய்யலாம், மனித உடலில் செய்யலாமா?

இதற்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழிதான் ஓர்கனொயிட் எனப்படுவது. தேயிலை வியாபாரம் செய்வோருக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கொழும்பு ஏலத்துக்கு முன் தரகர்கள் அனுப்பும் மாதிரியை வாங்குவோர் ஊற்றிச் சுவைத்துப் பார்த்தே விலை கேட்கிறார்கள். அதேபோல நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, அதை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அந்த மாதிரிக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

செய்முறை இதுதான். எடுத்த துண்டைக் கழுவி, நொதியங்களால் கலங்களைப் பிரிக்கிறார்கள். பிரித்த கலங்களை ஜெலி போன்ற ஒரு பொருளுக்குள் வைத்து, வளர்ச்சிக்குத் தேவையான சத்துகளை ஊட்டுகிறார்கள். தட்டையான கண்ணாடியில் வளர்த்தால் கலங்கள் பாய் விரித்ததுபோலப் படரும். ஜெலிக்குள் வைத்தாலோ அவை ஒன்றுகூடி, கட்டியின் அமைப்பை ஒத்த சிறு உருண்டைகளாகத் திரளும். சில வாரங்களில் வளர்ந்ததும் அவற்றைப் பல சிறு குழிகளில் பிரித்து, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மருந்தை வெவ்வேறு அளவில் இட்டு, எதில் கலங்கள் சாகின்றன, எதில் பிழைக்கின்றன என்று பார்க்கிறார்கள். மிகுதியை உறைய வைத்து, பின்பு வரும் புதிய மருந்துகளுக்கும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இம்முறைக்கு அடித்தளம் இட்டது நெதர்லாந்தின் ஹப்ரெக்ட் நிறுவனம். அங்கு ஹான்ஸ் கிளெவர்ஸ், டொஷிரோ சாட்டோ ஆகியோர் 2009 இல் எலிக்குடலின் ஒரேயொரு மூலக்கலத்திலிருந்து குடல் போன்ற சிறு உருவை வளர்த்துக் காட்டினர். பின்னர் மனிதக் கட்டிகளும் அவ்வாறு வளர்க்கப்பட்டன. 2018 இல் லண்டன் ஆய்வாளர்கள் பரவிய நிலையிலிருந்த குடல், இரைப்பைப் புற்றுகளின் ஓர்கனொயிட்டுகளில் கிடைத்த முடிவுகளை அதே நோயாளிகளின் நிலையுடன் ஒப்பிட்டு வெளியிட்டனர். ஆய்வுகூடத்தில் கேட்காத மருந்து நோயாளிகளில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தில் கேட்ட மருந்து 100க்கு 88 என்ற அளவில் நோயாளிக்கும் கேட்டது. பார்க்கப்பட்ட நோயாளிகள் தொகையில் சிறியவர்கள்தான். என்றாலும் "இது பலிக்காது" என்று முன்கூட்டியே சொல்ல முடிவதே பெரிய விஷயம். வீண் வேதனையும் வீண் செலவும் அதனால் மிச்சமாகும்.

வாய், தொண்டைப் புற்றுகளையும் நெதர்லாந்தில் 31 நோயாளிகளிடமிருந்து இவ்வாறு வளர்த்து 2019 இல் அறிக்கையிட்டனர். நமக்கு அண்மையில், பெங்களூரின் மித்ரா பயோடெக் நிறுவனம் இதற்கு உறவான வேறொரு முறையைக் கையாண்டது. அது கலங்களைப் பிரித்து வளர்க்கவில்லை. கட்டியின் மெல்லிய துண்டையே நோயாளியின் சொந்த இரத்தநீரில் உயிரோடு வைத்து மருந்தைப் பார்த்தது. தலை, கழுத்துப் புற்றும் குடற்புற்றும் உள்ள 109 நோயாளிகளின் கட்டிகளைக் கொண்டு முறையைச் சீர்செய்து, மேலும் 55 பேரில் சோதித்த விபரம் 2015 இல் வெளியானது.

இனி குறைகளையும் பார்க்க வேண்டும், ஏனெனில் மாதிரி எப்போதும் முழுச் சரக்கு ஆகாது. பெட்டியின் ஒரு மூலையில் அள்ளிய தேயிலை முழுப் பெட்டியையும் காட்டாததுபோல, கட்டியின் ஓரிடத்துத் துண்டு முழுக் கட்டியையும் காட்டாமல் போகலாம். அந்தச் சிறு உருண்டையில் இரத்தக் குழாய் இல்லை, நோயெதிர்ப்புக் கலங்களும் சாதாரணமாக இல்லை. மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. எல்லோருடைய துண்டும் வளர்வதுமில்லை. வளர்ந்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நோய் அவ்வளவு காலம் காத்திருக்காது. ஆகவே இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் புதிய மருந்துகளைத் தேடுவதற்குமே பயன்படுகிறது. அபேக்ஷா வைத்தியசாலையில் வைத்தியர் சொல்லும் சத்திரசிகிச்சையையோ கதிர்ச் சிகிச்சையையோ இதற்காகத் தள்ளிப்போடுவது பெரும் ஆபத்து.

நமது பகுதிக்கு இதில் வேறொரு தேவையும் இருக்கிறது. ஐரோப்பாவில் வாய்ப்புற்றுக்கு முக்கிய காரணங்கள் சிகரெட்டும் மதுவும். நம்மவரின் நோயோ பெரும்பாலும் பாக்கும் சுண்ணாம்பும் அடக்கி வைத்த கன்னத்தில் தொடங்குவது. அவர்களுடைய கட்டியில் பார்த்த மருந்து நம்மவருக்கும் அப்படியே கேட்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தெற்காசிய நோயாளிகளின் கட்டிகளும் வளர்த்துப் பார்க்கப்பட வேண்டும். பல்கலைக்கழகமோ வைத்தியசாலையோ முறையாகச் சம்மதம் கேட்டு ஆராய்ச்சிக்குத் துண்டு கேட்டால், விளங்கிக்கொண்டு பதில் சொல்ல நம் மக்களுக்கு இந்த அறிவு உதவும்.

யாராவது பணம் வாங்கி இப்பரிசோதனையைச் செய்து தருவதாகச் சொன்னால், சரக்கு வாங்கும்போது கேட்பதுபோலக் கேளுங்கள். அனுப்பும் துண்டுகளில் எத்தனை வளர்கின்றன? முடிவு எத்தனை நாளில் வரும்? சிகிச்சை செய்யும் வைத்தியர் அம்முடிவை ஏற்றுக்கொள்வாரா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று அந்த வைத்தியரே சொல்லாவிட்டால் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இன்றே செய்யக்கூடியது மிக மலிவானது. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். புகையிலையோ மதுவோ பாவிப்போரிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அவ்வாய்வு 2005 இல் அறிவித்தது. ஆய்வுகூடம் எதுவும் இன்றி வெளிச்சமும் பழகிய கண்ணும் செய்த வேலை அது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறக்கச் சிரமம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கு காட்டுவதற்குக் கட்டணம் இல்லை.

வெற்றிலை வாங்க வருபவரைத் தினமும் காண்பவர் வைத்தியர் அல்ல, கடைக்காரர்தான். வாய் திறக்கச் சிரமப்பட்டுப் பேசும் ஒருவரைக் கண்டால் "ஒருக்கா பல் டொக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பாக்கு விற்பனையில் வரும் இலாபம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அதை இழந்தாலும் கடை நிற்கும். வாடிக்கையாளர் போனால் அவர் குடும்பம் எப்படி நிற்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.