உங்களுக்குத் தெரியுமா? மெட்ரோ மணிலாவில் ஒரு மணிலா மட்டும் இல்லை!

பிலிப்பைன்ஸின் தலைநகரம் மணிலா என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் வரைபடத்தில் அந்தப் பெயரோடு விரிந்து கிடக்கும் பெருநகரம், 1975-இல் ஒன்றாக இணைக்கப்பட்ட 16 நகரங்களும் ஒரே ஒரு சிற்றூராட்சியும் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி மேயர் உண்டு. மணிலா நகரம் சுமார் 43 சதுர கி.மீ.தான், பக்கத்து கேசோன் சிட்டி அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. 1948 முதல் 1976 வரை நாட்டின் தலைநகராக இருந்ததும் அதுதான்.

கலோக்கான் நகரத்தின் நிலைமை இன்னும் விசித்திரம். அதன் நிலத்தில் ஒரு பகுதி கேசோன் சிட்டிக்குப் போய்விட, மிச்சம் வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு என்று ஒட்டாமல் நிற்கிறது. ஒரே நகராட்சிதான், ஆனால் வடக்கிலிருந்து தெற்குக்குப் போக அடுத்த ஊரைக் கடந்தாக வேண்டும்.

அந்த ஒற்றைச் சிற்றூராட்சி, பத்தேரோஸ். பரப்பு சுமார் 2 சதுர கி.மீ. கரு வளர்ந்த வாத்து முட்டையை அவித்து, சுடச்சுட ஓட்டைத் தட்டி, முதலில் சாற்றை உறிஞ்சிவிட்டு உப்புத் தூவிச் சாப்பிடும் 'பலூட்' இந்த ஊரின் அடையாளம். ஆறு மாசுபட்டதால் வாத்து வளர்ப்பு அங்கே நொடித்துப்போனது வருத்தமான விஷயம்.

பெருநகரின் நடுவே ஓடும் பாசிக் ஆறு லகுனா ஏரியை மணிலா விரிகுடாவோடு இணைக்கிறது. கோடையில் ஏரி மட்டம் தாழ்ந்து, கடல் ஓதம் ஏறினால் ஆறு எதிர்த்திசையில் ஓடும்! மழைக்காலத்தில் மரிக்கினா ஆற்று வெள்ளம் நகருக்குள் பாயாமல் ஏரிப்பக்கம் திருப்பிவிட, 1980-களில் மங்ககான் வெள்ளக் கால்வாயை வெட்டினார்கள்.