நிலத்தில் வாழ்ந்த முதலை இனமும் அதன் உட்செவியும்

பத்மநாபபுரம் அரண்மனையை அடுத்து நிற்கும் வேளிமலைப் பாறைகளில் எவ்வளவு தேடினாலும் ஒரு புதைபடிவமும் கிடைக்காது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், முதுகெலும்புள்ள விலங்குகள் நிலத்தில் கால்வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய பாறைகள் அவை. ஆனால் இதே வகைப் பாறைகள் மடகாஸ்கரின் தென்பகுதியிலும் உள்ளன. அன்று இரண்டும் ஒரே பெருநிலத்தின் பகுதிகள். மடகாஸ்கர் இந்தியாவைவிட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். இந்தக் கணக்கு நமக்குப் பின்னால் தேவைப்படும்.

புதைபடிவம் தேடுவோர் அரியலூர் வட்டாரத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கல்லமேட்டின் படிவுப் பாறைகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டு வயதுடையவை. டைனோசார் எலும்புகளுக்குப் பெயர்பெற்றவை. 2013ஆம் ஆண்டு ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் அங்கே கிடைத்த சிறு பற்களைப் பற்றி எழுதினார்கள். அவை சைமோசூகஸ் என்ற விலங்கின் பற்களை ஒத்திருந்தன. அதற்குமுன் அத்தகைய விலங்கு மடகாஸ்கரில் மட்டுமே அறியப்பட்டிருந்தது.

சைமோசூகஸ் என்றால் சப்பைமூக்கு முதலை. முக்கால் மீட்டர் நீளமே உள்ள, முதலைகளின் தூரத்து உறவு. 2000ஆம் ஆண்டு முழு மண்டையோட்டுடன் விவரிக்கப்பட்டது. அதன் பற்கள் குமரி மாவட்ட மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பைப் போன்றவை. விளிம்பில் பல சிறு முனைகள் உண்டு. இரையைக் கவ்வ அல்ல, இலைதழை தின்ன ஏற்றவை. முதலைக் குடும்பத்தில் இப்படியும் ஒரு சைவப் பிராணி!

இது நீந்திக் கடலைக் கடந்திருக்குமா? பல் இதற்கு விடை சொல்லாது. மண்டையோட்டின் உள்ளே பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் வளையல் துண்டுகள் போன்ற மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கும். நீர்க்குடத்தைச் சட்டென்று திருப்பினால் உள்ளே நீர் ஒரு கணம் பின்தங்குகிறதல்லவா? தலை திரும்பும்போது குழலிலுள்ள திரவமும் அவ்வாறே பின்தங்க, மூளை தலையின் அசைவை உணர்கிறது. 2020இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜூலியா சுவாப் குழுவினர் அழிந்துபோன முதலை உறவினங்களின் இக்குழல்களை ஒப்பிட்டனர். நிலத்தில் வாழ்ந்தவற்றுக்கு அவை உயரமாகவும் மெல்லியவையாகவும் இருந்தன. கடலிலேயே வாழ்ந்தவற்றுக்குக் குட்டையாகவும் தடித்தும் இருந்தன.

குழல் தலையின் நிலையையும் காட்டும். விலங்கு விழிப்போடு நிற்கையில் மூன்றில் ஒரு குழல் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும் என்று கொள்வது வழக்கம். சைமோசூகஸ் தன் முகத்தைச் சுமார் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்து நின்றிருக்கும் எனக் கணித்திருக்கிறார்கள். நீர்மட்டத்தில் மூக்கை நீட்டிக் கிடக்கும் நம் ஆற்று முதலைக்கு இந்தச் சாய்வு உதவாது. தரையில் மேய்வதற்கு உதவும்.

கல்லாகிவிட்ட மண்டைக்குள் எப்படிப் பார்ப்பது? 1903இல் சோலஸ் என்ற ஆங்கிலேயர் புதைபடிவத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு மட்டத்தையும் பதிவு செய்யும் முறையை விளக்கினார். வேலை முடிந்ததும் படம் இருக்கும், படிவம் இருக்காது! இன்று மருத்துவமனைகளில் உள்ளதுபோன்ற, ஆனால் இன்னும் நுண்ணிய சி.டி. ஸ்கேன் படங்களைக் கணிப்பொறியில் அடுக்கி, குழல்களின் வெற்றிடத்தை உருவமாக்குகிறார்கள். மூளையறையையும் அப்படியே வார்க்கலாம். ஆனால் முதலை மூளை தன் அறையை முழுதும் நிரப்புவதில்லை. வார்ப்பைக் கண்டு மூளையை அளந்துவிட்டதாக எண்ணக்கூடாது.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். சைமோசூகஸ் தரைவாழ் விலங்கு. கல்லமேட்டுப் பற்களோ, மடகாஸ்கர் பிரிந்து ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் பின்னானவை. ஆகவே இவ்வினத்தின் மூதாதையர் பிரிவுக்கு முன்பே இரு நிலங்களிலும் பரவியிருக்க வேண்டும். அல்லது இடையில் தற்காலிக நிலத்தொடர்பு ஏதேனும் இருந்திருக்க வேண்டும். முன்னதே எளிய விளக்கமாகப் படுகிறது. ஆனால் ஒத்த பல் ஒத்த விலங்கினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறோர் இனமும் இலைதழை தின்று அதே பல்லைப் பெறலாம். கல்லமேட்டில் ஒரு மண்டையோட்டின் பின்பகுதி மட்டும் அகப்பட்டால்கூடப் போதும். உட்செவி இருப்பது அங்கேதான்.