வரலாற்று ஒப்படையும் தகரப் பெட்டியும்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிறது றொசல்ல. ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு சின்ன ஸ்டேஷன், சுற்றிலும் தேயிலை. அங்குள்ள உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, தரம் பத்தில் படிக்கும் பிள்ளை தன் வரலாற்று ஒப்படையைக் கொண்டுவந்து நீட்டினாள். “மாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.” தலைப்பு, ‘எனது பிரதேசத்தின் வரலாறு’. கலர் பேனையால் கரை போட்டு, கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமும் ஒட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் றொசல்ல என்ற பெயர் முதல் பக்கத்தோடு காணாமல் போயிருந்தது. மீதியெல்லாம் வழிகாட்டிப் புத்தகம்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். கட்டுரை என்றால் மனனம் என்றுதானே நாம் பழக்கியிருக்கிறோம்!

ஒரேயொரு வசனத்தை எடுத்துக்கொண்டோம்: ‘தேயிலையை ஏற்றுவதற்காக ஆங்கிலேயர் மலையகத்துக்கு ரயில் பாதை அமைத்தனர்.’ சரியா என்று கேட்டேன். “புத்தகத்தில இருக்கே மாமா.” ஆண்டுகளை வரிசையாக எழுதச் சொன்னேன். கண்டிக்கு ரயில் வந்தது 1867. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டதும் அதே 1867. அப்படியானால் கண்டிப் பாதை எதை ஏற்றப் போட்டது? கோப்பியை. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது 1874, றொசல்லயைத் தாண்டி ஹட்டனுக்குப் போனது 1884. அப்போது கோப்பி அழிந்துகொண்டிருந்தது, தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஆக, அந்த வசனம் முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. மானிடப் பாடங்களில் எழுத்து வேலை என்பது இதுதான். ஒரு கேள்வி வேண்டும், அதற்குச் சான்று வேண்டும், சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்கே முடிவு சொல்ல வேண்டும். ஹதீஸுக்கு இஸ்னாத் கேட்கிற நாம் ஒப்படைக்கு மட்டும் கேட்பதில்லை.

“சான்றுக்கு நான் எங்க போற?” என்றாள். அவளுடைய நன்னா ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். இந்தியாவிலிருந்து வந்து, தோட்டத்துக்குப் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்த குடும்பம். உள்ளே கடன் கணக்குக் கொப்பிகள், வாடகை ரசீதுகள், பிரஜாவுரிமைக் கடிதங்கள்.

“இந்தக் குப்பையெல்லாம் ஏன் நன்னா வச்சிருக்கீங்க?”

அந்தக் கேள்விக்குள்தான் அவளுடைய ஒப்படை இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1க்கு முன் இங்கே தொடர்ச்சியாக வசித்ததைக் காட்ட வேண்டும். திருமணமானவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கு 10 வருடம். வாயால் சொன்னால் போதாது, கடுதாசி வேண்டும். வாடகை ரசீதும் கடைக் கொப்பியும் பொக்கிஷமானது அப்படித்தான். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 150,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. இதையெல்லாம் தோட்டத் தமிழரின் கதையாக மட்டும் பேசுகிறோம். குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியச் சோனகர்’ என்று வேறாக எண்ணப்பட்ட நம்மவர்களையும் அது தொட்டது. நம் எழுத்தில் அது குறைவு.

கொப்பியைப் புரட்டினோம். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் சீத்தைத் துணி. அப்படியே பார்த்து எழுதப் போனவளை நிறுத்தினேன். யார் எழுதியது? எதற்கு எழுதியது? கடன் கொடுத்தவர் கை அது. வாங்கியவர் சொன்னால் கணக்கு வேறாகவும் இருக்கலாம். நன்னாவுக்கு முகம் கொஞ்சம் மாறியது. பிறகு அவரே, “அதுவும் சரிதான்” என்றார்.

பிள்ளை பழைய தலைப்பை வெட்டிவிட்டு, ‘எங்கள் கடைக் கொப்பியில் உள்ளதும் இல்லாததும்’ என்று எழுதினாள். கொப்பியில் அதிகம் வந்த ஒரு பெயரைக் காட்டி, அந்தக் குடும்பம் இன்னும் லயத்தில் இருக்கிறதா என்று நன்னாவிடம் விசாரித்தாள். இருக்கிறதாம், கிழவிக்கு இப்போது காது மட்டும்தான் கொஞ்சம் மந்தமாம்.